ஒரு போட்டோவும் நாலு டிஸ்க்கும்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் மறுபடியும் பாடம் நடத்த ஆரம்பிச்சுட்டாங்க என்று ஓடிவிடாமல் பொறுமையாகப் படியுங்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து போனது. அந்த வாரத்தில் என் கையால் ஒரு தவறு நடந்தது. அதை இதுவரை நான் யாரிடமும் முழுசாகச் சொல்லவில்லை. "எதுக்கு டீச்சர் எல்லார்கிட்டயும் பழைய போட்டோ கேட்டுக்கிட்டே இருக்கீங்க?" என்று பலரும் கேட்கிறீர்கள். அதற்கும் இதுதான் பதில்.

1987இல் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம், பிறகு கீழே இறங்கி நம்ம ரிஷிவந்தியம் சுற்று வட்டாரம். 2018இல் ஓய்வு. இந்த 31 வருஷத்தில் எடுத்த வகுப்புப் படங்கள், ஆண்டு விழாப் படங்கள், மலையில் பாட்டிகள் கதை சொல்லி, பிள்ளைகள் பாட்டுப் பாடி நான் டேப்பில் பிடித்த கேசட்டுகள் எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் கிடந்தன. கேசட்டில் பூஞ்சை, போட்டோவில் மஞ்சள். ஓய்வு பெற்ற பிறகு ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்ற ஆரம்பித்தேன்.

இதைக் கேள்விப்பட்டு என் பழைய மாணவன் ஒருவன் பெங்களூரிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வான். ஐந்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சு. இப்போது ஒரு டேட்டா சென்டரில் நூற்றுக்கணக்கான டிஸ்க்குகளைக் கவனித்துக்கொள்ளும் வேலை. அவன் கொடுத்தது நாலு ஹார்ட் டிஸ்க் செருகும் பெட்டி. ஒவ்வொன்றும் 2 டெராபைட். ரொட்டிப் பாக்கெட் அடுக்கி வைத்த மாதிரி நாலும் உள்ளே நிற்கும். வீட்டு வைஃபை வழியாக லேப்டாப்பிலிருந்து அதில் போட்டுக்கொள்ளலாம்.

"டீச்சர், இதுல ரெய்டு போட்டிருக்கேன்" என்றான். எங்கள் வீட்டுக்காரர் ஹாலிலிருந்து, "ஏம்பா, வருமான வரியா? எங்க பென்ஷன்ல அதுக்கெல்லாம் வேலையே இல்லையே" என்றார்.

ரெய்டு என்றால் பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று கெட்டாலும் தகவல் போகாமல் பார்த்துக்கொள்ளும் முறை. 1988இல் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூவர் எழுதிய கட்டுரையில் இந்தப் பெயர் வந்தது. விலை அதிகமான ஒரே பெரிய டிஸ்க்குக்குப் பதில் மலிவான சின்ன டிஸ்க்குகளைக் கூட்டாக வேலை வாங்கலாம் என்பது அவர்கள் யோசனை. அவன் சொன்னதை நான் எனக்குத் தெரிந்த வருகைப் பதிவேட்டை வைத்துப் புரிந்துகொண்டேன்.

மூன்றாம் வகுப்பில் இன்று வந்தவர்கள் 31. நான்காம் வகுப்பில் 28. ஐந்தாம் வகுப்பில் 35. மொத்தம் 94. இப்போது நான்காம் வகுப்பின் எண்ணிக்கை மேல் மை கொட்டிவிட்டது என்று வையுங்கள். கவலையே இல்லை. 94இலிருந்து 31ஐயும் 35ஐயும் கழித்தால் 28 வந்துவிடும். மூன்று டிஸ்க் அளவுக்குத் தகவல், ஒரு டிஸ்க் அளவுக்கு அந்த 'மொத்தம்'. அதனால்தான் எட்டு டெராபைட் போட்டும் ஆறுதான் பயன்படும். உண்மையில் கம்ப்யூட்டர் கூட்டிக் கழிப்பதில்லை, ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்க்கிறது. 'மொத்தம்' எழுதும் வேலையும் ஒரே டிஸ்க்கின் தலையில் விழாது. வகுப்புத் தலைவன் முறை மாறுவதுபோல் மாறி மாறி வரும். ஆனால் அடிப்படை நம்ம பதிவேடுதான். இரண்டு இடத்தில் மை கொட்டினால் கண்டுபிடிக்க முடியாது. அதையும் அவன் அன்றைக்கே சொன்னான். நான்தான் பாதிக் காதில் வாங்கினேன்.

பெட்டி வந்த சில மாதங்களில் எனக்கு ஒரு குறை. காப்பி ஆவதற்கு நேரம் ஆகிறது. இருநூறு படம் போட்டால் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். செட்டிங்ஸில் நோண்டிக்கொண்டிருந்தபோது 'ரைட் கேஷ்' என்று ஒன்று இருந்தது. அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதைப் போட்டால் வேகம் கூடும் என்று போட்டிருந்தது. தொட்டவுடன் ஒரு எச்சரிக்கை வந்தது. மின்சாரம் திடீரென்று நின்றால் தகவல் இழக்க நேரிடலாம், யூ.பி.எஸ். இருந்தால் மட்டும் பயன்படுத்தவும் என்று. நாலு வரி. நான் முழுசாகப் படிக்காமல் 'சரி' என்று அழுத்திவிட்டேன்.

"கேள்வியை முழுசாப் படிச்சுட்டு அப்புறம் பதில் எழுதுங்க" என்று உங்களிடம் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்!

அன்று முதல் காப்பி பறந்தது. எனக்கு ஒரே பெருமை. இந்தக் கேஷ் என்ன செய்கிறது என்பதைக் கரும்பலகையை வைத்துச் சொல்கிறேன். பிள்ளைகளின் மதிப்பெண்ணை ஒவ்வொன்றாகக் கேட்டு அங்கேயே பதிவேட்டில் மையால் எழுதினால் நேரம் ஆகும். கோடு பார்க்க வேண்டும், பெயர் தேட வேண்டும். அதற்குப் பதில் எல்லோரையும் கடகடவென்று சொல்லச் சொல்லி கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிக்கொண்டு, "சரி, நீங்க போகலாம்" என்று அனுப்பிவிட்டு, பிறகு நிதானமாகப் பதிவேட்டில் ஏற்றலாம். பிள்ளைகளுக்கு வேலை சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் நான் ஏற்றுவதற்குள் யாராவது வந்து டஸ்டரால் பலகையைத் துடைத்துவிட்டால்?

கேஷ் என்பது அந்தக் கரும்பலகை. பதிவேடுதான் டிஸ்க். துடைப்பவர், மின்வெட்டு.

படிப்பதற்கான கேஷ் என்று இன்னொன்று உண்டு. அடிக்கடி கேட்கும் விஷயத்தைப் பலகையிலேயே எழுதி வைத்திருப்பது. அது அழிந்தால் நஷ்டம் இல்லை, பதிவேட்டைப் பார்த்து மறுபடி எழுதிக்கொள்ளலாம். எழுதுவதற்கான கேஷ் அப்படி அல்ல. அதில் இருப்பது வேறெங்கும் இல்லாதது.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். 2024 நவம்பர் 30.

கோயிலுக்குப் பின்பக்கம் குடியிருக்கும் ஒரு அம்மா மத்தியானம் வந்தார். கரும்பு வெட்டப் போகிறவர். அவர் மகன் என்னிடம் படித்தவன். 2006இல் பைக் விபத்தில் போய்விட்டான். அவனுடைய ஒரே தனிப் படத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். ஆண்டு விழாவில் பாரதியார் வேஷம். முண்டாசு நான் கட்டியது, மீசை மையில் வரைந்தது. மீசை கலைந்துவிடுமோ என்று சிரிக்காமல் உதட்டை அழுத்திக்கொண்டு நிற்பான்.

"டீச்சரம்மா, இது நாளுக்கு நாள் வெளுத்துக்கிட்டே போவுது. கம்ப்யூட்டர்ல ஏத்தி வையுங்க. மழை பெருசா வருதாம், நான் சீக்கிரம் போவணும்" என்றார்.

அவர் கண் முன்னால் ஸ்கேன் செய்தேன். படம் திரையில் பெரிதாக வந்ததும் கிட்டே போய்ப் பார்த்தார். "பத்திரமா இருக்குமில்ல?" என்றார். "இனிமே இது எங்கயும் போவாதும்மா, நாலு டிஸ்க்கு இருக்கு" என்றேன். படத்தை மறுபடி கவரில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் அன்று ஸ்கேன் செய்த 214 படங்களையும் பெட்டியில் போட்டேன். லேப்டாப்பில் இடம் இல்லை என்பதால் காப்பி செய்யாமல் கட் செய்து ஒட்டினேன். அங்கே போனதும் இங்கே அழிந்துவிடும். 'முடிந்தது' என்று வந்தது. அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது, கரண்ட் போனது. இன்வெர்ட்டர் எடுக்கவில்லை. 2012 மின்வெட்டுக் காலத்தில் வாங்கியது. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி எத்தனை மாதம் ஆயிற்றோ. வீடு முழுக்க இருட்டு. பெட்டியின் விளக்கும் அணைந்தது. அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மெழுகுவத்தியைத்தான் தேடினேன்.

அன்றிரவு புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து அங்கேயே நின்றுவிட்டது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் என்ன மழை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணைக் கரை ஊர்களில் வீடு, மாடு, நெல் என்று எத்தனையோ போயின. அவற்றோடு வைத்துப் பார்த்தால் நான் சொல்லப்போவது சின்ன விஷயம்தான். ஆனால் அந்த அம்மாவுக்குச் சின்ன விஷயம் இல்லை.

செவ்வாய்க்கிழமை கரண்ட் வந்தது. பெட்டி பீப் பீப் என்று கத்தியது, ஆரஞ்சு விளக்கு எரிந்தது. கரண்ட் போய் வந்ததால் அப்படி என்று நினைத்துச் சத்தத்தை மட்டும் நிறுத்தினேன். புதன்கிழமை காலை அந்த அம்மா வந்தார். ஓட்டு வீடு. சுவர் ஓரமாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. படத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாட்டியிருந்தார். ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரித்தபோது முகம் கண்ணாடியோடு போய்விட்டது. கையில் முண்டாசும் கோட்டும் மட்டும் இருந்தன.

ஆனால் அவர் அழவில்லை. "நீங்கதான் கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சிருக்கீங்களே டீச்சரம்மா. இன்னொண்ணு போட்டுக் குடுங்க" என்றார்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். கோப்பு இருந்தது. பெயர் இருந்தது. அளவு பூஜ்யம். அப்படிப் பதினோரு படங்கள், கடைசியாகப் போனவை எல்லாம் வெறும் பெயர்கள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கரண்ட் சரியில்லம்மா, அப்புறம் பார்த்துச் சொல்றேன்" என்றேன். 31 வருஷம் பிள்ளைகளைப் பொய் சொல்லாதே என்று அடித்தவள். அவர் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்தவள் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை.

பெங்களூருக்குப் போன் போட்டேன். அவன் என்னைத் திட்டவில்லை. லேப்டாப்பை எதற்கும் பயன்படுத்தாமல் அணைத்து வைக்கச் சொன்னான். இரண்டு நாள் தூரத்திலிருந்தே என்னென்னவோ முயன்றான். லேப்டாப்பில் இருப்பது எஸ்.எஸ்.டி. வகை. அழித்த இடத்தை அதுவே சுத்தமாகத் துடைத்துவிடுமாம். ஒன்றும் மிஞ்சவில்லை.

"நாலு டிஸ்க்கு இருந்தும் ஏன்டா போச்சு?" என்று கேட்டேன்.

"நாலு டிஸ்க்குக்கும் அந்தப் படம் போய்ச் சேரவே இல்ல டீச்சர். 'முடிந்தது'ன்னு சொன்னது கரும்பலகை. பதிவேடு சொல்லல" என்றான். பலகைக் கணக்கை அவனுக்கு நான்தான் முன்பு சொன்னேன். எனக்கே திருப்பிச் சொன்னான்.

இன்னொன்றும் சொன்னான், அது என்னைத் தூங்கவிடவில்லை. மின்சாரம் போகும் நொடியில் தகவல் ஒரு டிஸ்க்கில் எழுதப்பட்டு, அதற்குரிய 'மொத்தம்' இன்னொன்றில் எழுதப்படாமல் நிற்கலாம். பதிவேட்டுக்கே வாருங்கள். தாமதமாக ஒரு பையன் வந்தான், மூன்றாம் வகுப்பை 32 ஆக்கினேன். மொத்தத்தை 95 ஆக்குவதற்குள் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டேன். மொத்தம் 94ஆகவே நிற்கிறது. பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு மாதம் கழித்து நான்காம் வகுப்பில் மை கொட்டுகிறது. 94இலிருந்து 32ஐயும் 35ஐயும் கழிக்கிறேன். 27 வருகிறது. ஒரு பிள்ளை காணோம்! நான்காம் வகுப்பில் எந்தத் தவறும் நடக்கவில்லை, ஆனால் காணாமல் போனது அங்கேதான். அதனால் மாதம் ஒரு முறை பெட்டியை எல்லா வரியையும் மறுபடி கூட்டிப் பார்க்க வைக்க வேண்டும். 'ஸ்க்ரப்' என்கிறார்கள். நம்ம காலத்து ஏ.ஈ.ஓ. இன்ஸ்பெக்ஷன் மாதிரி. அதுவும் என் பெட்டியில் அதுவரை ஒரு தடவைகூட ஓடவில்லை.

டிசம்பர் இரண்டாவது வாரம் அவனே திருவண்ணாமலை வழியாக பஸ் பிடித்து வந்தான். பையில் ஒரு புது டிஸ்க். அந்த ஆரஞ்சு விளக்கு கரண்டால் வந்ததல்ல, மூன்றாவது டிஸ்க் நோய்ப்பட்டிருந்தது. மூன்று வாரமாகப் பெட்டி மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் திறக்காத ஒரு முகவரிக்கு.

ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடம்பைத் தானே கவனித்து எண்களாக எழுதி வைத்துக்கொள்கிறது. 'ஸ்மார்ட்' என்று பெயர். அதில் பத்திருபது வரிகள் வரும். எல்லாம் பார்க்க வேண்டாம், இதைப் பாருங்கள் என்று சிலவற்றைக் காட்டினான். ஒன்று, 'ரீஅலகேட்டட் செக்டர்'. கெட்டுப்போன இடத்தை ஒதுக்கிவிட்டு, கைவசம் வைத்திருக்கும் உபரி இடத்தை எத்தனை தடவை எடுத்துக்கொண்டது என்ற கணக்கு. இரண்டு, 'பெண்டிங் செக்டர்'. படிக்க முடியாமல் திணறி, கெட்டதா நல்லதா என்று முடிவாகாமல் நிற்கும் இடங்கள். மூன்று, சூடு. நான்கு, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது. முதல் இரண்டும் பூஜ்யமாக இருப்பது நல்லது. சின்ன எண் வந்து அப்படியே நின்றால் கண் வைத்திருக்கலாம். மாதாமாதம் ஏறினால் டிஸ்க்கை மாற்றிவிட வேண்டும். என் மூன்றாவது டிஸ்க்கில் பெண்டிங் 64. மற்ற மூன்றிலும் பூஜ்யம்.

2007இல் கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தன்னைத்தானே பரிசோதிக்கும்போது முதல் பிழையைக் காட்டிய டிஸ்க், பிழை காட்டாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாளில் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு செய்தியும் உண்டு. செயலிழந்தவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை, முக்கியமான நாலு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயின. பள்ளியில் டாக்டர் வந்து பரிசோதிக்கும் நாளில் "ஒண்ணும் இல்ல சார்" என்று சொல்லிவிட்டு மறுநாள் மயங்கி விழும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அறிகுறி வந்தால் உடனே கவனி. வரவில்லை என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடாதே. அவ்வளவுதான்.

நான் உடனே அந்த டிஸ்க்கை உருவி எடுக்கப் போனேன். கையைப் பிடித்துவிட்டான். "இருங்க டீச்சர். முதல்ல எல்லாத்தையும் வெளியில ஒரு பிரதி எடுப்போம்." ஒன்றை எடுத்துவிட்டால் மீதி மூன்றும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிக்கப்பட்டு, காணாமல் போனதைக் கணக்குப் போட்டுப் புது டிஸ்க்கில் எழுத வேண்டும். நாலும் ஒரே நாள், ஒரே கடை, ஒரே பெட்டியிலிருந்து வந்தவை. ஒன்றுக்கு வந்தது இன்னொன்றுக்கும் வரலாம். அந்த நேரத்தில் இன்னொன்றில் ஒரு கெட்ட இடம் தட்டுப்பட்டால் அந்த வரியைச் சரிசெய்ய வழியே இல்லை.

முதலில் வெளிப் பிரதி. பிறகு இரவு ஒன்பது மணிக்கு மாற்றினான். விடியற்காலை ஐந்து வரை ஓடியது. அவன் தூங்கிவிட்டான். நான் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் எழுந்து வந்து, "பிரசவ வார்டு வாசல்ல உக்காந்திருக்கிற மாதிரி இருக்கே" என்றார்.

போவதற்கு முன் அவன் செய்துவிட்டுப் போனவை இவை. ரைட் கேஷை அணைத்தான். பெட்டியைச் சமையலறைச் சுவரை ஒட்டிய ஜன்னலிலிருந்து எடுத்து உள் அறைக்கு மாற்றினான். மே மாதத்தில் அந்த இடத்தில் டிஸ்க்கின் சூடு 50ஐத் தாண்டியிருந்தது, இப்போது 40 சுற்றி நிற்கிறது. தனியாக ஒரு யூ.பி.எஸ். வைத்து, அதிலிருந்து பெட்டிக்கு ஒரு யு.எஸ்.பி. ஒயர் கொடுத்தான். அந்த ஒயர்தான் முக்கியமாம். கரண்ட் போனால் யூ.பி.எஸ். பெட்டியிடம் சொல்லும். ஐந்து நிமிஷத்தில் கரண்ட் வராவிட்டால் பெட்டி கையில் இருப்பதை எழுதி முடித்து, தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும். வீட்டு இன்வெர்ட்டரை மட்டும் நம்பக் கூடாது. கரண்ட் போய் அது எடுத்துக்கொள்ளும் கண நேர இடைவெளியிலேயே சில பெட்டிகள் அணைந்துவிடும். யூ.பி.எஸ். வந்துவிட்டதால் கேஷைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். போடலாம், ஆனால் அவசரம் என்ன என்று கேட்டான். எனக்கும் அவசரம் இல்லை.

அவன் வேலை செய்யும் இடத்தில் இருக்கும் பெரிய பெட்டிகளில் கேஷுக்கென்றே தனி பேட்டரி உண்டாம். கரண்ட் போனாலும் கரும்பலகையில் இருப்பதை இரண்டு மூன்று நாள் அழியாமல் காக்கும். புது வகைகளில் உடனே அதை நிரந்தரமான ஒரு சில்லில் எழுதிவிடும். அந்த பேட்டரி பழசாகிவிட்டால் பெட்டி தானாகவே கரும்பலகையை விட்டுவிட்டு நேராகப் பதிவேட்டில் எழுத ஆரம்பிக்கும். வேகம் குறையும். உடனே எல்லோரும் "ஸ்லோவா இருக்கு, ஸ்லோவா இருக்கு" என்று போன் போடுவார்களாம். சிலர் பேட்டரியை மாற்றாமல் கேஷைக் கட்டாயப்படுத்திப் போடச் சொல்வார்களாம். "மெதுவா இருக்கிறது கோளாறு இல்ல டீச்சர், அது ஜாக்கிரதையா இருக்குன்னு அர்த்தம்" என்றான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மெதுவாக எழுதியதற்காக நான் அவனை எத்தனை நாள் கடிந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். எழுதியது எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

இப்போது மாதம் முதல் தேதி ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுதுகிறேன். நாலு டிஸ்க்குக்கும் நாலு கட்டம். கெட்ட இடம், சந்தேக இடம், சூடு, ஓடிய மணி. பெயர் தெரியாமல் ஒன்று, இரண்டு என்று கூப்பிட மனசு வராமல் நாலுக்கும் பெயர்கூட வைத்திருக்கிறேன், அதை இங்கே சொல்ல மாட்டேன். அன்றே ஸ்க்ரப் ஓடுகிறதா என்று பார்ப்பேன். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் யூ.பி.எஸ். பிளக்கைப் பிடுங்கி, பெட்டி தானாக அணைகிறதா என்று சோதிப்பேன். மின்னஞ்சல் இப்போது நான் தினமும் பார்க்கும் முகவரிக்கு வருகிறது.

இதெல்லாம் செய்தாலும் பெட்டி ஒரே வீட்டில்தான் இருக்கிறது. வெள்ளம், தீ, திருட்டு வந்தால் நாலும் சேர்ந்தே போகும். கை தவறி நானே அழித்தால் நாலிலும் சேர்ந்தே அழியும். ரெய்டு என்பது பிரதி அல்ல என்று அவன் கறாராகச் சொல்லிவிட்டான். நம் முன்னோருக்கு இது தெரியாததா? ஓலைச்சுவடியைப் பூச்சி தின்னும், காலப்போக்கில் ஓலை ஒடியும். அதனால் பழசு போவதற்குள் புது ஓலையில் எழுதி வேறு ஊரில், வேறு மடத்தில் வைத்தார்கள். அப்படி வைக்காதவை இன்று இல்லை. 1981 ஜூன் முதல் நாள் யாழ்ப்பாணம் நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. வேறெங்கும் பிரதி இல்லாதவை திரும்பவே இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். உலகம் முழுவதும் இருக்கும் தமிழர்கள் வீட்டிலிருந்தபடியே பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் போட்டார்கள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். எத்தனையோ பேர் கம்ப்யூட்டரில் இருப்பதால் அது ஒரு பெட்டியை நம்பி இல்லை.

என் படங்களுக்கும் இப்போது மூன்று இடம். பெட்டியில் ஒன்று. மாதம் ஒரு முறை எடுத்து பீரோவில் வைக்கும் வெளி டிஸ்க்கில் ஒன்று, அதைப் பெட்டியோடு எப்போதும் இணைத்து வைப்பதில்லை. கள்ளக்குறிச்சியில் என் தங்கை வீட்டில் இன்னொன்று.

கடைசியாக அந்த அம்மா விஷயம். டிசம்பர் நடுவில் அவர் வீட்டுக்கு நானே போனேன். நடந்ததைச் சொன்னேன். கரண்ட் மேல் பழி போடவில்லை, நான் அவசரப்பட்டு அழுத்தியதால் போனது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்க என்ன பண்ணுவீங்க டீச்சரம்மா" என்றார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

அன்றிரவுதான் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் அவன் படித்த வருஷத்து வகுப்புப் படம் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டேன். நினைவிருக்கும். நாற்பது பேர் இருந்த வகுப்பு. அன்று காசு கொடுத்துப் படம் வாங்கியவர்கள் ஏழெட்டுப் பேர்தான். நாலாவது நாள் திருப்பூரிலிருந்து ஒருத்தி அனுப்பினாள். அவள் மாமியார் வீட்டுப் பீரோவில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே இருந்ததாம். இரண்டாவது வரிசை, இடமிருந்து மூன்றாவது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறான். அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கி, கள்ளக்குறிச்சி ஸ்டுடியோவில் கொடுத்து பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா விரலால் அவன் நெற்றியைத் தடவிப் பார்த்தார். "பாரதியாரு படத்துல சிரிக்கவே மாட்டான். இதுல சிரிக்கிறான்" என்றார். உண்மையில் அது வெயிலுக்குச் சுருக்கிய முகம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பாரதியார் வேஷப் படம் கிடைக்கவே இல்லை. அன்று ஆண்டு விழாவில் படம் எடுத்தவர்கள் யாராவது இருந்தால், பழைய நெகட்டிவ் எதுவும் கிடந்தால், தயவுசெய்து பாருங்கள். மீதிப் பத்துப் படங்களில் ஆறு மட்டும் டிரங்குப் பெட்டியிலிருந்து மறுபடி ஸ்கேன் செய்ய முடிந்தது.

ஆகவே பிள்ளைகளே, வீட்டுப்பாடம். உங்கள் செல்போனிலோ லேப்டாப்பிலோ மட்டும் இருக்கும் அப்பா அம்மா படம், பாட்டி பேசிய ஆடியோ எது என்று இன்றைக்கு உட்கார்ந்து பாருங்கள். அதை வேறு வீட்டில் இருக்கும் ஒருவருக்கு ஒரு பிரதி கொடுங்கள். எதையும் கட் செய்து ஒட்டாதீர்கள். காப்பி செய்து, போன இடத்தில் திறந்து பார்த்த பிறகு பழசை அழியுங்கள். எச்சரிக்கை வந்தால் நாலு வரியையும் படியுங்கள். வீட்டில் ஏதாவது பெட்டி பீப் என்று கத்தினால் சத்தத்தை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

யார் வீட்டிலாவது நம்ம பள்ளி வகுப்புப் படம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள். கிடைத்ததும் திறந்து பார்த்துவிட்டு "வந்து சேர்ந்தது" என்று நானே பதில் போடுவேன். அதுவரை உங்களிடம் இருப்பதை அழிக்காதீர்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள். வாழ்க வளமுடன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
ரிஷிவந்தியம்.